எல்மில் புள்ளியைத் தின்னும் பெட்டி

வலைப்பக்கங்கள் எழுதும் நிரல்மொழியான எல்மில் திரை கட்ட மூன்றே துண்டு: மாடல் (தரவு), அப்டேட் (அதை மாற்றுவது), வியூ (அதைத் திரையில் வரைவது). ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரிடக்ஸ்கூட இதைப் பார்த்து வந்ததுதான்.

சறுக்கல் வருவது விலை கேட்கும் சாதாரண டெக்ஸ்ட் பெட்டியில். மாடலில் விலையை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) வைத்தீர்களா, போச்சு. பயனர் 12.5 அடிக்கப் போகிறார். "12." வந்ததும், எழுத்தை எண்ணாக மாற்றும் ஸ்ட்ரிங்.டுஃப்ளோட் அதை 12 ஆக்கும். வியூ "12" என்றே திரும்ப வரையும். புள்ளி காணாமல் போய், அடுத்த 5 சேர்ந்து 125 ஆகிவிடும்! பெட்டி காலியானால் 'நத்திங்', அதாவது 'எண் இல்லை' என்ற விடை வரும். அதற்கு 0 போட்டால் அந்த 0-வை அழிக்கவே முடியாது.

பயனர் அடித்ததை அப்படியே ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) மாடலில் வையுங்கள். 'சேமி' அழுத்தும்போது மட்டும் அப்டேட்டில் எண்ணாக மாற்றுங்கள். அங்கே 'நத்திங்' வந்தால் என்ன செய்வது என்ற கிளையை எழுதாமல் விட்டால் எல்ம் நிரல் கம்பைல் ஆகாது. பிழைச் செய்தியை அந்தக் கிளையிலேயே எழுதிவிடலாம்.