டேபில் எழுதாத வலது கை

முதல் ஒன்றரை வருடம் டேப் (tab) எனும் கிட்டார் குறிப்பைப் பார்த்தேதான் பழகினேன். எந்தத் தந்தி, எத்தனையாவது ஃபிரெட் (கழுத்தில் உள்ள கட்டம்) என்று அது சொல்லிவிடும். இடது கைக்கு அது போதும். வலது கை என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலான டேப்கள் கண்டுகொள்வதே இல்லை. அதனால் சுரமெல்லாம் சரியாக விழுந்தும் பாட்டு மட்டும் வராது. குறை இடது கையில்தான் என்று அதையே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, வாசித்த இரண்டு பேரில் இரண்டாமவர் யார் என்று தேடினேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஒரே கையின் கட்டைவிரல் தனி ஆள் மாதிரி பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) வாசித்திருக்கிறது. அதிலிருந்து புதிதாக ஒரு பாட்டை எடுத்தால் முதல் பத்து நிமிடம் கிட்டாரைத் தொடுவதில்லை. வலது கை என்ன செய்கிறது என்று காதால் தேடுவதற்கே அந்த நேரம்.

முதலில் கவனிப்பது, கார்டின் (சேர்த்துப் பிடிக்கும் சுரத்தொகுப்பின்) தந்திகள் ஒன்றாக ஒலிக்கின்றனவா, வரிசையாகச் சரிகின்றனவா என்பதை. ஸ்ட்ரம், அதாவது தந்திகளை ஒரே வீச்சில் வருடுவது, எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதில் ஒரு சரிவு இருக்கும். கை கீழே இறங்கும் டவுன் என்றால் தடித்த தந்தி ஒரு நூலிழை முன்னால் கேட்கும். மேலே ஏறும் அப் என்றால் மெல்லியது. விரல்களால் கிள்ளினால் எல்லாம் ஒரே நொடியில் விழும். அதோடு, ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் (மெல்லியதே முதல் தந்தி) சேர்ந்து ஒலித்து, நடுவில் உள்ளவை மௌனமாக இருந்தால், அது வெறும் பிக்கால் (தந்தி மீட்டும் சிறு தகட்டால்) ஆகாது. ஒன்று விரல்கள், அல்லது பிக்கைப் பிடித்தபடியே நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துக்கொள்ளும் ஹைபிரிட் பிக்கிங்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. பாட்டுகளில் அக்கூஸ்டிக் ரிதத்தை இரண்டு முறை வாசித்து, இடதுபுறம் ஒன்று வலதுபுறம் ஒன்று என்று வைப்பது சகஜம். அதை ஒரே கிட்டார் என்று நம்பி, மனிதக் கையால் முடியாத ஒன்றை ஒரு மாதம் முயன்றிருக்கிறேன். ஹெட்ஃபோனில் ஒரு காதை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பல மர்மங்கள் அவிழும். வேகத்தைக் குறைத்துக் கேட்பதானால் முக்கால் வேகம் போதும். பாதிக்குக் கீழே போனால் தந்தியைத் தொடும் அந்த முதல் ஒலியே குழைந்துபோகிறது. நமக்கு வேண்டியதே அதுதான்.

அடுத்து பேஸ். ஒவ்வொரு பீட்டிலும் இரண்டு தந்திகளுக்கிடையே மாறி மாறி நடந்தால் அது டிராவிஸ் பிக்கிங் குடும்பம். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பெயரால் வந்தது. அவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தவர். அவரை வானொலியில் மட்டும் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், இன்னும் சில விரல்கள் இருக்கவேண்டும் என்று எண்ணி, அப்படியே பழகித் தனக்கென ஒரு பாணியையே உண்டாக்கிக்கொண்டார். எனவே விரல் எண்ணிக்கையைத் தப்பாகக் கணித்தால் பயப்பட வேண்டாம். பேஸின் நடையைத் தப்பாகக் கணித்தால்தான் ஆபத்து.

பழகும்போது சி கார்டைப் பிடித்து, கட்டைவிரலால் 5, 4, 5, 4 என்று மட்டும் ஒரு வாரம் வாசித்தேன். சலிப்புதான், ஆனால் தாண்டிப் போக வழி கிடையாது. வேறு யாரிடமாவது பேசிக்கொண்டே கட்டைவிரல் தடுமாறாமல் ஓடுகிறதா என்பதுதான் என் சோதனை. பிறகு ஒரு தாளில் பீட்டுக்கு இரண்டாக எட்டுக் கட்டம் போட்டு, 1, 3, 5, 7-இல் கட்டைவிரலைக் குறித்தேன். மெல்லிய தந்திச் சுரம் அந்தக் கட்டங்களில் விழுந்தால் இரண்டையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். இடைக்கட்டத்தில் விழுந்தால் விரல் மட்டும். குழப்பமெல்லாம் இந்த ஒரு தாளில் தீர்ந்தது. பேஸ் நீண்டு ஒலிக்காமல் ‘டம் டம்’ என்று அடங்கிக் கேட்டால், உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகள் பொருந்தும் இடம்) மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சில மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்தால் சுரமே செத்துவிடும். அந்த இடத்தை அவரவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ரிதம் இதைவிடச் சுலபம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். கவுண்ட் பேசியின் ஜாஸ் இசைக்குழுவில் ஃபிரெடி கிரீன் 1937-இல் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ரிதம் வாசித்தார், பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு அடி. அதைச் சீராக வைத்து இரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

ஸ்ட்ரம்மிங்கில் நான் செய்த தவறு அம்புக்குறிகளை மனப்பாடம் செய்தது. டவுன், டவுன் அப், அப் டவுன் அப் என்று ஒரு பேட்டர்ன் எங்கும் கிடைக்கும். அதை ஆறு அடிகளாக எண்ணி வாசித்தால் நொண்டும். உண்மையில் கை எட்டு முறை போய்வருகிறது, இரண்டு முறை தந்தியைத் தொடுவதில்லை. எனக்கு இதைப் புரியவைத்தது சொற்கட்டுதான். ‘தக தக தக தக’ என்று சொல்லுங்கள். ‘த’ எல்லாம் டவுன், ‘க’ எல்லாம் அப். முதல் ‘க’வையும் மூன்றாவது ‘த’வையும் காற்றில் விடுங்கள், அந்தப் பேட்டர்ன் தானாக வந்துவிடும். ஃபங்க் இசை மாதிரி நெருக்கமான ரிதத்துக்கு பீட்டுக்கு ஒரு ‘தகதிமி’. சில விரல் பேட்டர்ன்கள் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும். அதற்கு ‘தகிட தகிட தக’.

தொடாமல் விடுவது வேறு, மியூட் அடிப்பது வேறு. ‘சக்’ என்று கேட்டால் கை தந்தியில் பட்டிருக்கிறது, ஆனால் இடது கை பிடியைத் தளர்த்தியிருக்கிறது. ஃபிங்கர்ஸ்டைலில் அதே ‘சக்’ பெரும்பாலும் இரண்டாம், நான்காம் பீட்டில் வரும். அங்கே கட்டைவிரலின் பக்கவாட்டுப் பகுதி தந்திகள்மேல் விழுகிறது.

புது ரிதத்தை முதலில் இடது கையால் எல்லாத் தந்திகளையும் அடக்கிக்கொண்டு, கார்டே இல்லாமல் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசிக்கிறேன். ரிதம் கையில் நிலைத்த பிறகே கார்டு. அப்புறம் கைபேசியில் பதிந்து, மூலப் பதிவுக்கு அடுத்ததாகப் போட்டுக் கேட்பேன். போன வாரம் அப்படிக் கேட்டபோது, சரியாக வாசிப்பதாக நினைத்திருந்த ஒரு பாட்டில் பேஸைவிட மெட்டு தணிந்து கிடந்தது தெரிந்தது. மோதிரவிரல்தான் காரணம். இப்போது அதற்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.