வீரர்கள் அவர் பேச்சைக் கேட்டார்களா?

"கடைசியில் வீரர்கள் அவர் பேச்சைக் கேட்டார்களா, இல்லையா?" எங்கள் கால்பந்து கிளப் நீக்கிய தலைமைப் பயிற்சியாளரை வேலைக்கு எடுக்க யோசித்த வேறொரு கிளப்பின் விளையாட்டு இயக்குநர், அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த என்னிடம் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான். "கடைசி வாரங்களில் சிலர் கேட்கவில்லை" என்றேன். அது உண்மை. இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடுவதாக இல்லை.

நீக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளரால் தன் தரப்பைத் தானே சொல்வது எளிதல்ல. ஒப்பந்தத்தின் மீதித் தொகையைப் பேசி முடிக்கும்போதே, கிளப்பைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது. அதனால் அவர் எப்படிப்பட்டவர் என்பதை நீக்கப்படாத நாங்கள்தான் சொல்கிறோம்: துணைப் பயிற்சியாளர்கள், ஆட்டப் பகுப்பாய்வாளர்கள், உடல்தகுதிப் பயிற்சியாளர்கள். அணி தோற்றுக்கொண்டிருந்தபோது அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். எங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வரி அவருடைய அடுத்த வேலையைத் தீர்மானிக்கிறது என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.

அவர் போன பிறகு இடைக்காலப் பொறுப்பு என்னிடம் வந்தது. அணி வெல்லத் தொடங்கியது. பயிற்சி அவருடையது, ஆட்டமுறை அவருடையது. காயத்திலிருந்த தடுப்பாட்டக்காரர்கள் திரும்பி வந்திருந்தார்கள். அதுவரை கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் உள்ளே போயின. நெதர்லாந்தின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் தெர் வீல் ஆராய்ந்திருக்கிறார். பயிற்சியாளரை நீக்கிய அணிகளும், அதே அளவு சரிந்தும் நீக்காமல் பொறுத்திருந்த அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன என்பது அவர் கண்ட முடிவு. பாராட்ட வந்த பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த இயக்குநரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது வீரர்களைப் பற்றி. நான் பதில் சொன்னதும் வீரர்களைப் பற்றி.

வீரர்களைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்தான். ஜனவரியில் எங்கள் முதன்மை முன்கள வீரரை நிர்வாகம் விற்றது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. விற்க வேண்டாம் என்று பயிற்சியாளர் கடைசி வரை வாதாடினார். மூத்த வீரர்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்த விற்பனைக்குப் பிறகுதான். அவர்களுடைய கோபம் நிர்வாகத்தின் மேல். ஆனால் நிர்வாகம் மாடியில் இருந்தது; தினமும் காலையில் அவர்கள் எதிரே வந்து நின்றவர் இவர். இதை நான் விளக்கியிருந்தால் "சிலர் கேட்கவில்லை" என்ற வரிக்கு வேறு பொருள் வந்திருக்கும்.

விற்பனையை முடிவுசெய்தவர்களிடம்தான் நான் இன்றும் சம்பளம் வாங்குகிறேன். உள்விவகாரத்தை இன்னொரு கிளப்பிடம் எடுத்துச் சொல்வது எந்த வகையில் நியாயம்? அப்படிப் பேசும் துணைப் பயிற்சியாளரை நானே என் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன். இப்படி நினைத்துக் கொஞ்சம் அமைதியடைவேன். உடனே அடுத்த கேள்வி எழும்: வீரர்கள் முகம் திருப்பியதும் உள்விவகாரம்தானே, அதை மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது?

"திறமை இருப்பவர் எப்படியும் எழுந்துவிடுவார்" என்றார் சக பயிற்சியாளர் ஒருவர். இத்தாலியப் பயிற்சியாளர் ரனியேரியைக் காட்டினார். 2014 நவம்பரில் பாரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதும் கிரீஸ் தேசிய அணி அவரை நீக்கியது; 2016இல் அவர் லெஸ்டர் சிட்டியை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சாம்பியனாக்கினார். அந்த லெஸ்டரும் 2017 பிப்ரவரியில் அவரை நீக்கியது. பிறகும் அவருக்கு வேலை கிடைத்தது. ஜெர்மன் பயிற்சியாளர் டூஹெலை 2020 டிசம்பரில் பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி. நீக்கியது, அடுத்த மே மாதமே லண்டன் கிளப்பான செல்சியுடன் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஏந்தினார்.

எனக்கு டி மாத்தேயோதான் நினைவுக்கு வருகிறார். இடைக்காலப் பயிற்சியாளராக வந்து 2012இல் அதே கோப்பையைச் செல்சிக்கு முதன்முறையாக வென்று தந்தவர். அந்த ஆண்டு நவம்பரிலேயே வெளியேற்றப்பட்டார். ஷால்க, ஆஸ்டன் வில்லா என்று இரண்டு கிளப்புகளில் குறுகிய பொறுப்புகளுக்குப் பிறகு பெரிய கிளப் எதுவும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைக்கவில்லை. கோப்பை ஒன்றுதான். டூஹெல் வென்றபோது அது அவருடைய முறைக்குக் கிடைத்த வெற்றி என்றார்கள். இவர் வென்றபோது வீரர்கள் வென்று கொடுத்தார்கள் என்றார்கள். அந்தப் பேச்சு அவருடைய தகுதியை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று எனக்கு எப்போதுமே ஐயம் உண்டு. எங்கள் பயிற்சியாளரிடம் காட்டுவதற்கு அப்படியொரு கோப்பைகூடக் கிடையாது. அவரைப் பற்றி வெளியில் இருப்பது புள்ளிப் பட்டியலும், எங்களைப் போன்றவர்கள் சொல்வதும்தான்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் நான்தான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவர்கள் என்னைப் போல் பலரை விசாரித்திருப்பார்கள். சில வாரங்கள் கழித்து அவரே அழைத்தார். "அவர்கள் உங்களிடமும் பேசினார்களாமே?" என்றார். "ஆமாம் சார், பொதுவாக விசாரித்தார்கள்" என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. எங்கள் இளம் நடுக்கள வீரன் ஒருவனின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவனை முதல் அணிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இழப்பீட்டுத் தொகை தீரும் வரை சிறிய வேலையை ஏற்கக் கூடாது என்று அவருடைய முகவர் சொல்கிறாராம். காத்திருக்கக் காத்திருக்கக் கிளப்புகள் மறந்துவிடும் என்பது என் பயம். அடுத்த முறை யாராவது அழைத்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் ஜனவரி விற்பனையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இங்கே என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது முடிவதற்குள் அழைப்பு வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.