வலமா, இடமா? தீவைச் சுற்றிக் காட்டும் ஒரு நாள்

ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி, ஒரே குடும்பம், கையில் 9 மணி நேரம். தனிச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது "என்னென்ன இடம் காட்டுவீர்கள்?" என்றுதான். இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் அதற்கு முன்பே இன்னொன்றை முடிவு செய்தாக வேண்டும்: தீவை வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா. அந்த ஒன்று சரியாக அமைந்துவிட்டால் நாளின் பாதிச் சிக்கல் காலையிலேயே தீர்ந்துவிடும். தப்பினால், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் வேளை கெட்ட வேளையில்தான் போய் நிற்போம்.

முதல் கணக்கு சாலை. வலம் வரும்போது தீவு வலக்கைப் பக்கம், கடல் இடக்கைப் பக்கம். மொரிஷியஸைப் போல இடப்புறம் வண்டி ஓட்டும் தீவுகளில் வலமாகச் சுற்றினால் நம் தடமே கடலோரத் தடமாகிவிடும். காட்சிமுனை வந்ததும் எதிர்வண்டிகளைக் கடக்காமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம். புறப்படும்போதும் அதே சுலபம். ஹவாய்த் தீவுகளில் ஓட்டுவது வலப்புறம். அங்கே இடமாகச் சுற்றினால்தான் கடல் நம் பக்கம் வரும். ஒரு நாளில் ஏழெட்டு முறை நிறுத்தி எடுக்கும் வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல. வளைவுக்கு அருகே எதிர்த்தடத்தைக் குறுக்கே கடப்பதுதான் தீவுச் சாலையில் நாங்கள் மிகவும் தவிர்க்க நினைப்பது. வாடிக்கையாளரைக் கடல் பக்க இருக்கையில் உட்கார வைப்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

அடுத்தது காற்றும் மேகமும். வெப்பமண்டலத் தீவுகளில் பெரும்பாலானவை தடக்காற்றின் பாதையில் கிடக்கின்றன. வட கோளத்தில் அது வடகிழக்கிலிருந்தும், தென் கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும். நடுவே மலை இருந்தால் காற்று மோதும் பக்கம் பச்சையும் மழையுமாக இருக்கும், மறைவுப் பக்கம் வறண்டு வெயிலாக இருக்கும். ஹவாயின் கவாய் தீவில் வாயாலேயாலே சிகரம் உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே தீவின் மேற்குக் கரை புழுதி பறக்கும் உலர்நிலம். ஆகவே புறப்படும் இடத்தில் வானம் எப்படி என்று மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. பொதுவாகக் காலையில் காற்று மந்தமாக இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். மலைமுகட்டில் மேகம் கட்ட ஆரம்பிக்கும். நண்பகலுக்குப் பிறகு உயரமான காட்சிமுனைக்கு ஏறினால் பல நாட்களில் வெண்புகைதான் தெரியும். மலை காலையில், காற்று மோதும் கரை அதற்கடுத்து, மறைவுப் பக்கம் மாலையில் என்பது எங்கள் பழக்கம்.

ஹவாயின் ஓஹூ தீவில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுவது வியப்பாகவே இருக்கும். ஹொனலூலுவிலிருந்து கிழக்கே புறப்பட்டு இடமாகச் சுற்றினால் மகாபூ முனை, பிறகு கூலாவ் மலைச்சுவர், பிறகு வடகரை. கூலாவின் செங்குத்துப் பாறைகள் வடகிழக்கைப் பார்த்து நிற்பவை. காலை வெயில் அவற்றின் மடிப்புகளுக்குள் விழும்போது ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரியும். பிற்பகலில் அதே சுவர் நிழலில் மங்கிவிடும். வடகரைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் மேற்கே சாய்ந்திருக்கும், அங்கே அதுதான் வேண்டும். மொரிஷியஸில் இதன் மறுதலை. வடமேற்கிலிருந்து வலமாகப் புறப்பட்டால் பெல் மார் பக்கத்துக் கிழக்குக் கரை காற்று வலுப்பதற்கு முன் கிடைக்கும். தெற்கே கிரி கிரி கரையில் பவளத்திட்டு இடைவெளி விட்டிருக்கிறது, அலை நேரே பாறையில் வந்து அடிக்கும். அதை எந்த நேரத்திலும் பார்க்கலாம், ஆனால் இறங்கக் கூடாது. லெ மோர்ன் மலையடிவாரமும் மேற்குக் கரையும் மாலைக்கு.

மூன்றாவது கணக்கு நீரின் ஏற்றவற்றம். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி இருக்கும். நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். பவளத்திட்டின் மேல் நீந்த வற்றிய நேரம் ஆகாது. வயிற்றுக்கும் பவளத்துக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்தான் இருக்கும். காலை ஊன்றினால் பவளமும் சாகும், பாதமும் கிழியும். ஏற்றம் முடியும் தறுவாய்தான் நல்ல நேரம். ஆறு மணி நேர ஏற்றத்தில் 3-ஆம், 4-ஆம் மணி நேரங்களில்தான் பாதித் தண்ணீர் நகர்கிறது, அதனால் ஓட்டமும் அப்போதுதான் கடுமை. நீர் வற்றும்போது பவளத்திட்டின் வாய்க்கால் வழியாகக் காயல் நீர் கடலுக்கு இழுக்கும், அந்த வாய்க்கால் பக்கம் யாரையும் விடுவதில்லை.

ஏற்றவற்ற அட்டவணை மட்டும் போதும் என்று நினைப்பதுதான் புதிய வழிகாட்டிகள் செய்யும் தவறு. அலை பெரிதான நாளில் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டுகிற தண்ணீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட அது வாய்க்கால் வழியே வெளியே இழுக்கலாம். கரையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் உடையாமல் அமைதியாக, சற்றுக் கலங்கலாகக் கிடக்கும் பட்டையைப் பாருங்கள். வருகிறவர்கள் "அங்கேதான் அலையே இல்லையே" என்று நேராக அதை நோக்கித்தான் நடப்பார்கள். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும் என்பதை வண்டியிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். தண்ணீருக்குள் போன பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது.

பருவம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். ஓஹூவின் வடகரையில் கோடையில் குழந்தைகள் நீந்தும் அதே வைமேயா குடாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அலை வீட்டு உயரத்துக்கு எழும். அதே தீவின் தென்கரையில் பௌர்ணமி கழிந்து 8 முதல் 10 நாட்களில் பெட்டி ஜெல்லிமீன்கள் கரையொதுங்கும். ஆகவே சந்திர நாட்காட்டி எங்களுக்கு இரண்டு விதத்தில் தேவை. அந்த நாட்களில் நீச்சலை வேறு கரைக்கு மாற்றுவோம், பையில் வினிகர் புட்டியும் இருக்கும்.

இப்போது நேரக் கணக்கு. சுற்றுப்பாதை 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருவழிச் சாலை, வளைவு, கிராமத்து வேகத்தடை எல்லாம் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 40-ஐத் தாண்டாது. 4 மணி நேரம் சக்கரத்திலேயே போய்விடும். சாப்பாடு 1 மணி, நீச்சலும் உடைமாற்றமும் ஒன்றரை மணி. மிஞ்சுவது இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். ஓரிடத்தில் 25 நிமிடம் நின்றால், இறங்கி ஏற, செருப்பு தேட, கழிப்பறை போய்வர இன்னொரு 10 நிமிடம். 35-ஆல் வகுத்தால் 4 இடம். விளம்பரத்தில் 12 இடம் போட்டிருக்கும் சுற்று, கண்ணாடி வழியே காட்டிக்கொண்டு ஓடுகிற சுற்றுதான். எதை விடப்போகிறோம் என்பதை முன்னிரவே வாடிக்கையாளரிடம் பேசிவிடுவது நல்லது. வண்டியில் வைத்துச் சொன்னால் அது ஏமாற்றமாகத்தான் காதில் விழும்.

அந்த முன்னிரவுப் பேச்சில் கேட்க வேண்டியவை வேறும் உண்டு. யாருக்கு நீந்தத் தெரியும், முழங்கால் எப்படி, வளைவில் குமட்டுமா, எந்த உணவு ஒவ்வாது, குழந்தையின் எடை என்ன (இருக்கை அதற்கேற்ப மாறும்). "கடைசி இரண்டு நாளில் ஆழ்கடலில் முக்குளித்தீர்களா?" என்பதை மறக்கவே கூடாது. காற்று உருளையுடன் முக்குளித்தவர் ஒரு முறை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணி நேரமாவது, பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழியாமல் உயரத்துக்குப் போகக் கூடாது. விமானத்துக்கு மட்டுமே இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 600 மீட்டரைத் தாண்டும் மலைச்சாலைக்கும் அதே ஆபத்து உண்டு. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகக் கிளம்பும். ஹவாயில் மௌயி தீவின் ஹலேயகலா மலை 3,055 மீட்டர். கடற்கரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்கலாம் என்பதுதான் பயமே. 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும், ஆகவே கீழே 28 டிகிரி என்றால் மேலே பத்துக்குள்தான். கடற்கரை உடையில் வருகிறவர்களுக்காக வண்டியின் பின்னால் நான்கு போர்வை எப்போதும் கிடக்கட்டும்.

தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், பாதி பனிக்கட்டிப் பெட்டியில், பாதி வெளியே. சில்லென்று இருந்தால் குழந்தைகள் ஒரு மடக்கோடு வைத்துவிடுவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, துண்டு ஆளுக்கு ஒன்றுக்கு மேல், நனைந்த துணிக்குத் தனிப்பை. வெயில் பூச்சு விஷயத்தில் சட்டமும் உண்டு. பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவ் நாடு 2020 ஜனவரி 1 முதல் சில வேதிப்பொருள்கள் கலந்த பூச்சுகளைத் தடை செய்தது. ஹவாயில் 2021 ஜனவரி 1 முதல் ஆக்ஸிபென்சோனோ ஆக்டினாக்சேட்டோ கலந்தவற்றை விற்கத் தடை. துத்தநாக ஆக்சைடு பூச்சை நாங்களே வைத்திருக்கிறோம். ஆனால் நீந்தும்போது முதுகுக்கு எந்தப் பூச்சையும்விட முழுக்கைச் சட்டைதான் மேல். குப்புற மிதப்பவருக்கு வெயில் சுடுவது முதுகிலும் முழங்காலின் பின்பக்கத்திலும்தான், அது அவருக்கு இரவில்தான் தெரியும்.

நீச்சல் மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அரை மணி நேரம் வீணாவது பெரும்பாலும் அதில்தான். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது அவர் முகத்துக்கானது. விழுந்தால் வேறு அளவு. தண்ணீர் புகுந்தால் எல்லோரும் உடனே பட்டையை இறுக்குவார்கள்; இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். உண்மையான காரணம் வேறு: விளிம்புக்கு அடியில் ஒரு முடிக்கற்றை, தொப்பியின் ஓரம், அல்லது மீசை. முடியை விரலால் விலக்கி, பட்டையைத் தளர்த்தி, பின்தலையின் மேட்டுக்குச் சற்று மேலே ஏற்றினால் நின்றுவிடும். மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழ் விளிம்பில் கொஞ்சம் வாசலின். கண்ணாடி மூடாமலிருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, தடவிவிட்டு லேசாக அலச வேண்டும். பிறகு இடுப்பளவு தண்ணீரில், கால் மணலில் இருக்க, முகத்தை மட்டும் அமிழ்த்தி இருபது மூச்சு. அந்த இருபது மூச்சு முடியும்வரை ஆழத்துக்கு நகர்த்துவதில்லை. பதற்றம் வருகிறவருக்கு மூன்றாம் நான்காம் மூச்சிலேயே வந்துவிடும், அங்கே எழுந்து நின்றால் போதும்.

அருவிக்குப் போனால் கவனிக்க வேண்டியது தலைக்கு மேலுள்ள வானத்தை அல்ல, மலைமுகட்டை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை இறங்கி வரும். தெளிந்த நீர் பழுப்பாக மாறினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், துண்டைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டியதுதான். ஆறாத புண் உள்ளவர்களை நன்னீர்க் குட்டையில் இறக்குவதில்லை, எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும். காய்த்த தென்னைக்கு அடியில் வண்டியை நிறுத்துவதும் இல்லை, பாயை விரிப்பதும் இல்லை. கரீபியக் கரைகளில் மஞ்சினீல் மரத்தைக் காட்டிவிட வேண்டும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் பாலோடு கலந்து சொட்டும் நீர் தோலைக் கொப்புளமாக்கிவிடும்.

பேச்சிலும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது மணி நேரமும் பேசுகிற வழிகாட்டியை யாரும் கேட்பதில்லை. இடத்தை அடைய ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று விஷயம்: எதைப் பார்க்கப்போகிறோம், கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு வண்டி. வளைவுச் சாலையில் கதை சொல்லி அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கூடாது, அதுவே குமட்டலுக்கு வழி. குமட்டுகிறவர் முன்னிருக்கையில், கண் தொலைவிலுள்ள சாலையில், கைப்பேசி பைக்குள். மாத்திரை போடுகிறவர்கள் புறப்படும் முன்பே போட்டிருக்க வேண்டும், தொடங்கிய பின் அது பெரிதாக உதவாது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நீண்ட ஓட்டத்தில் எல்லோரும் தூங்குவார்கள். தூங்கட்டும். அந்த நேரத்துக்கென்றே வழியில் எதுவும் இல்லாத நீட்டத்தை ஒதுக்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கப்பலில் வருகிறவர்களுக்கு மட்டும் திசைக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறோம். கடைசி இடம் துறைமுகத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏறும் கெடுவுக்கு 90 நிமிடம் முன்பு அங்கே வந்துவிட வேண்டும். ஒரே ஒரு கடற்கரைச் சாலை உள்ள தீவில் ஒரு மரம் விழுந்தால் மாற்று வழி கிடையாது. காலையிலேயே அவர்கள் கைக்கடிகாரத்தையும் எங்கள் கடிகாரத்தையும் ஒப்பிடுவோம். கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒரு மணி வேறுபடுவது அடிக்கடி நடக்கிறது.

மாலையில், நிலநடுக்கோட்டுக்கு அருகே, சூரியன் இறங்கி இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். நீண்ட அந்தி பழகிய ஊர்க்காரர்கள் இன்னும் நேரம் இருக்கிறது என்று பாறைமேல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் படம் எடுக்கும்போதே கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய் அருகில் நின்றுகொள்வோம்.

அவர்களை இறக்கிவிட்ட பின்னும் அரை மணி வேலை இருக்கிறது. மாஸ்க்குகளை நன்னீரில் அலசி நிழலில் கவிழ்த்து, மிதியடி மணலை உதறி, இருக்கை இடுக்கில் காதணியோ சார்ஜரோ கிடக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் அட்டவணையைப் பார்க்கிறோம். இன்று 10 மணிக்கு உச்சம் தொட்ட ஏற்றம் நாளை 10:50-க்கு. அப்படியானால் காட்சிமுனை முதலில், நீச்சல் அதற்குப் பிறகு.