இழப்பீடு யாருக்கு?
1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. கூடவே 2 கோடி பவுண்டு இழப்பீடும் கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அரசின் அன்றைய ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. ஓடாய்த் தேய்ந்து உழைத்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. போதாக்குறைக்கு, 'பயிற்சித் தொழிலாளி' என்று பெயரை மாற்றி, பெரும்பாலோரை 1838 வரை பழைய எஜமானர்களிடமே கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள்.

அந்த இழப்பீட்டுக்கு வாங்கிய கடன் முழுசாக அடைந்தது 2015இல்தான். அதாவது, கரீபியனிலிருந்து பிரிட்டனில் குடியேறிய அடிமை வம்சாவளியினர் கட்டிய வரியும் அதில் போயிருக்கிறது.

பிரான்சின் அடிமைக் காலனியாக இருந்த கரீபியன் நாடான ஹைட்டியின் கதை இன்னும் மோசம். போராடி விடுதலை பெற்றவர்களிடமே 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது பிரான்ஸ். அப்புறம் 9 கோடியாகக் குறைத்தார்கள், பெரிய மனசு!