ஃபயர்மேனுக்கு எத்தனை தட்டு

"மிஸ், கை தட்டிப் பார்த்தேன். மூணு வருது."

ஆங்கிலத் தேர்வில் ஃபயர்மேன் என்ற சொல்லை ஃப-யர்-மேன் என்று பிரித்திருந்தாள் அந்த மாணவி. தப்பு போட்டிருந்தேன். விடைக்குறிப்பில் ஃபயர் ஒன்று, மேன் ஒன்று, ஆக இரண்டு சிலபிள், அதாவது இரண்டு ஒலித்துண்டு. "டிக்‌ஷனரியில ரெண்டுதான். போய் உக்காரும்மா" என்றேன். அதுவரை நான் டிக்‌ஷனரியைத் திறக்கவே இல்லை.

கை தட்டச் சொன்னதே நான்தான். எழுத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிவந்தேன். சம்திங் என்பதன் நடுவில் ஈ (e) என்ற எழுத்து நிற்கிறதே என்று அதற்கொரு தட்டு கூடாது. அழுத்தமும் காதில்தான் இருக்கிறது. கிரீன்ஹவுஸில் முன்பாதியை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். ஹவுஸை அழுத்தினால் வெறும் பச்சை வீடு. கூட்டுச்சொல் என்றால் முதல் பாதியில்தான் அழுத்தம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஆஃப்டர்நூனில் அது பின்னால் விழும். அதை வசதியாக விட்டுவிட்டேன்.

மாலையில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைப் பார்த்தேன். ஃபயரின் உச்சரிப்பில் இரண்டாவது ஓசை அடைப்புக்குறிக்குள் இருந்தது. சேர்த்துச் சொன்னாலும் சரி, விட்டுச் சொன்னாலும் சரி என்று அர்த்தம்.

மறுநாள் தமிழய்யாவிடம் கேட்டேன். "ஆய்தத்தை விடுங்க டீச்சர். பயர்: குறில், குறில், ஒற்று. நிரையசை. ஒண்ணுதான்" என்றார். அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது: பணத்தைச் சொல்லும் மனியும் நிரையசைதான், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தட்டு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

பொதுத்தேர்வில் திருத்துகிறவர் விடைக்குறிப்பைத்தான் பார்ப்பார். அங்கே போய் இழப்பதை இங்கேயே இழக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நியாயம்தான். ஆனால் அவளிடம் நான் அதைச் சொல்லவில்லையே. டிக்‌ஷனரி என்றல்லவா சொன்னேன்? மார்க்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மற்ற முப்பது பேரும் தாளோடு வருவார்கள் என்று பயம். ஒரு மார்க்குக்கு இவ்வளவு யோசிப்பதும் அதிகம்தான்.

அடுத்த வாரம் கிராண்ட்மதர் என்ற சொல் வந்தது. வகுப்பே தட்டியது. அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ தட்டலையா?"

"நீங்க சொல்லுங்க மிஸ், எழுதிக்கிறேன்."

மூன்று என்றேன். அதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன்.