குவிக்கிரிட்டில் புத்தகப் பட்டியல்: செய்து பார்த்த அனுபவம்

வீட்டிலுள்ள புத்தகங்களைப் பட்டியலிடுவதற்காக பிளேசரில் (சி ஷார்ப் மொழியில் இணையப் பக்கங்களை எழுத உதவும் கருவி) எழுதிவரும் சிறிய செயலியில், 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8 தளத்துடன் நிலையான பதிப்பாக வெளிவந்த, அட்டவணை காட்டும் உறுப்பான குவிக்கிரிட்டை இந்த வாரம் பொருத்தினேன். இதற்கு முன்பு நெடுவரிசைகளின் பெயர்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்து நானே ஓர் அட்டவணை அமைத்திருந்தேன். புத்தகத்தை விவரிக்கும் வகுப்பில் (class) ஒரு பண்பின் (property) பெயரை மாற்றினால் பில்ட், அதாவது நிரலைத் தொகுக்கும் வேலை, பிழையின்றி முடிந்துவிடும். பக்கத்தைத் திறந்த பிறகே அந்த நெடுவரிசை காலியாக இருப்பது தெரியும்.

குவிக்கிரிட்டில் நெடுவரிசையை ‘பு => பு.தலைப்பு’ என்று லாம்டாவாக, அதாவது பெயரில்லாத சிறு சார்பாக, எழுதுவதால், ஓர் எழுத்து பிசகினாலும் நிரலைத் தொகுக்கும் கம்பைலர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுகிறது. சி ஷார்ப் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் பண்புகளுக்குத் தலைப்பு, ஆசிரியர், விலை என்றே பெயரிட்டிருந்தேன். நெடுவரிசைக்குத் தனிப்பெயர் தராவிட்டால் பண்பின் பெயரையே குவிக்கிரிட் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அட்டவணையின் மேல்வரிசை தானாகவே தமிழில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது.

மேல்வரிசையைச் சொடுக்கினால் பட்டியலின் அடுக்கு மாற வேண்டும்; முதலில் மாறவில்லை. சொடுக்குகளுக்குப் பக்கம் பதிலளிக்க வேண்டிய இன்டராக்டிவ் சர்வர் ரெண்டர் மோடை நான் தராததே காரணம். ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பட்டியலைச் சேமிக்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் தலைப்புகளை யூனிகோட் எண்களின்படி அடுக்குகிறது. அதில் ‘ள’ என்பது ‘வ’வுக்கு முன்னால் இருப்பதால், ‘களவு’ என்று தொடங்கும் தலைப்பு ‘கவிதை’க்கு முன்னே வந்தது. அகரவரிசைப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்து ‘அடுக்குக்குறி’ என்றொரு பண்பை எழுதினேன். அது கெட் மட்டும் உள்ள, கேட்கும்போது கணக்கிடப்படும் பண்பு. உள்ளடக்கத்தை நாமே அமைக்கும் டெம்ப்ளேட் நெடுவரிசையில் தலைப்பைக் காட்டி, எதை வைத்து அடுக்குவது என்று சொல்லும் சார்ட்பை வழியாக இந்தக் குறியைக் கொடுத்தேன். பில்ட் ஆயிற்று, பட்டியலும் வந்தது; ஆனால் மேல்வரிசையைச் சொடுக்கியதும், அந்தக் கோவையை (expression) தரவுத்தளத்தின் மொழிக்கு மொழிபெயர்க்க முடியவில்லை என்று, செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே நிற்கும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் பிழை காட்டியது. பண்பு இருக்கிறதா, அதன் டைப் பொருந்துகிறதா என்பதைத்தான் கம்பைலர் பார்க்கிறது. தரவுத்தளத்தில் அதற்கு நெடுவரிசை உண்டா என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

ஆகவே அடுக்குக்குறியைச் சேமிக்கப்படும் பண்பாக மாற்றி, புத்தகத்தைப் பதியும்போதே கணக்கிட்டு எழுதிவைத்தேன். இப்போது ‘கவிதை’ முன்னால் நிற்கிறது. ஆசிரியர் நெடுவரிசைக்கு இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது.