ஆஸ்டர்லி மாளிகையின் முற்றம்

மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், சிறிய வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளை அழைத்துச்செல்ல இடம் தேடியபோதுதான் ஆஸ்டர்லி பூங்காவைக் கண்டுகொண்டோம். ஏரிக்கரையில் நடக்கக் கட்டணம் இல்லை என்பதே அப்போது எங்களுக்குப் பெரிய நிம்மதி. நடுவே நின்ற செங்கல் மாளிகைக்குள் நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்வதற்கு அடுத்த கோடை வந்துவிட்டது.

அரச குடும்பத்தின் மாளிகையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இது பணத்தை ஆண்டவர்களின் வீடு. லண்டனின் வணிகர் கூடமான ராயல் எக்ஸ்சேஞ்சை நிறுவிய தாமஸ் கிரஷாம் 1570களில் கட்டியது, 1713இல் சைல்டு என்னும் வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்கள் 1761இல் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக்கலைஞரை அழைத்தார்கள்.

நான்கு மூலைக் கோபுரங்களும் செங்கல் சுவர்களும் கொண்ட பழைய வடிவத்தை ஆடம் விட்டுவைத்து, முற்றத்தின் முன்புறத்தில் சுவருக்குப் பதிலாக இரண்டு வரிசை வெள்ளைத் தூண்களை நிறுத்தினார். தூண்களின் இடைவெளி வழியே முற்றமும் வீடும் தொலைவிலிருந்தே தெரிகின்றன. நம் ஊர் வீடுகளில் முற்றத்துக்கு இறங்கியே பழகிய எனக்கு, அகன்ற படிகளில் ஏறி முற்றத்தை அடைவது முதல்முறை விந்தையாக இருந்தது. உள்ளே, வரவேற்பறையின் கூரைச் சித்திரவேலை காலடியில் விரித்த கம்பளத்திலும் எதிரொலிக்கிறது. கூரை, கம்பளம், நாற்காலி அனைத்தையும் ஒரே மனம் வரைந்திருப்பதை இப்படி நேரில் உணர்ந்தது அன்றுதான்.

சைல்டு குடும்பத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களும் இருந்தார்கள். சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் வளர்ந்த நான், அந்தக் கும்பினிக் கணக்கின் மறுபக்கத்தில் நிற்பதை உணர்ந்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி அக்கும்பினியின் முக்கியச் சரக்குகளுள் ஒன்று. இந்த அழகை நான் ரசிக்கிறேன். நம் நெசவாளர்களின் உழைப்பை மறந்து ரசிக்க என்னால் இயலாது.

1776இல் ஆடம் வரைந்த ஆடம்பரக் கட்டில் எட்டுத் தூண்களின்மேல் குவிமாடம் ஏந்தி நிற்கிறது. அதில் குடும்பச் சின்னமான, அலகில் பாம்பைக் கவ்விய கழுகைப் பார்த்ததும் என் மகள் “கருடன்!” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அங்கிருந்த முதிய தன்னார்வலர் அருகில் வந்து அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார். பெருமாளின் வாகனத்தைப் பற்றி நான் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்த சாமந்திப் பூவைக் காட்டி, கதவிலக்கம் இல்லாத காலத்தில் சைல்டு வங்கியின் வாசலில் அதுவே அடையாளமாக இருந்தது என்று எங்களுக்குச் சொன்னார்.